1861 கணக்கெடுப்பில் ஒரு திருச்சிப் பெண்: பிரிட்டனின் பழைய பதிவேடுகளில் மூதாதையரைத் தேடுவது எப்படி

என் மாமியார் வீட்டு வம்சாவளியில் ஒரு பெண் ட்ரிபோலியில் பிறந்ததாகப் பல வருடங்களாக எழுதி வைத்திருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் தயாரித்து இணையத்தில் போட்ட வம்சாவளி அது. அதைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் தங்கள் பட்டியலிலும் ட்ரிபோலி என்றே எழுதிக்கொண்டார்கள். மாமியாருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பழகிவிட்டது. "எங்க பாட்டி, அவங்க அம்மா ட்ரினிட்டியில பொறந்தவங்கன்னு சொல்லுவாங்க. ட்ரிபோலின்னு சொல்லி நான் கேட்டதே இல்லை" என்பார்.

நான் பிறந்து வளர்ந்தது திருச்சி பீமநகரில். கல்யாணமாகி வந்தது இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பிரெஸ்டனுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ட்ரிபோலிக்கு ஆதாரமாகக் காட்டிய 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவின் மூலப் பக்கத்தைத் திறந்தேன். தளத்தில் தட்டச்சு செய்து தரும் பெயர் அட்டவணையை அல்ல, கையால் எழுதிய பக்கத்தின் படத்தை. பிறந்த ஊருக்கான கட்டத்தில் சாய்ந்த எழுத்தில் ஒரு நீளமான சொல். தொடக்கத்தில் 'ட்ரி', முடிவில் 'போலி'. நடுவில் ஐந்தாறு எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. அதற்கு முன்னால் குறுக்கி எழுதிய 'ஈஸ்ட் இண்டீஸ்'. எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ட்ரிச்சினாப்போலி. வெள்ளைக்காரர்கள் திருச்சிராப்பள்ளியை எழுதிய விதம். தட்டச்சு செய்தவர் அந்த ஊர்ப்பெயரைக் கேள்விப்படாதவர், தனக்குத் தெரிந்த ஊராக அதை வாசித்துவிட்டார்.

அந்த நாளிலிருந்து அத்தை வீட்டு ஆட்களைத் தேடுவது எனக்கு என் சொந்த வேலையாகிவிட்டது. இங்கே குடும்பம் அமைத்துக்கொண்ட தமிழர்கள் பலர் தங்கள் பிள்ளைகளின் இன்னொரு பக்கத்து வேரைத் தேடுகிறார்கள். சட்டைக்கார (ஆங்கிலோ-இந்திய) குடும்பங்களில் வந்தவர்களும் தேடுகிறார்கள். அவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வழியை எழுதுகிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடுகளைப் பற்றியது. ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் தனித்தனி ஏடுகள்.

எந்த ஆண்டுகள் கிடைக்கும்

பிரிட்டனில் 1801 முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்தார்கள். முதல் நான்கும் பெரும்பாலும் தலை எண்ணிக்கைதான். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் நாடு முழுக்க நமக்குக் கிடைப்பது 1841-லிருந்து. அதன் பிறகு 1921 வரை எல்லாம் திறந்திருக்கிறது. நூறு வருடம் மூடி வைப்பது வழக்கம் என்பதால் 1921-இன் பக்கங்கள் 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தன. 1931-ஐக் காத்திருக்க வேண்டாம், இங்கிலாந்து, வேல்ஸ் ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. ஆக, 1921-க்குப் பிறகு கையில் இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு ஒன்றுதான். அதில் பிறந்த தேதி முழுதாக இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. அந்தப் பதிவேட்டைப் பின்னால் சுகாதாரத் துறை தொடர்ந்து பயன்படுத்தியதால், 1939-இல் கல்யாணமாகாத பெண்ணின் பெயருக்கு மேல் அவர் பிற்காலத்தில் கட்டிக்கொண்டவரின் குடும்பப்பெயரைப் பின்னர் எழுதிச் சேர்த்திருப்பார்கள். அத்தையின் அம்மாவை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

காசு கட்டிப் பார்க்கும் தளங்கள் ஆன்செஸ்ட்ரியும் ஃபைண்ட்மைபாஸ்ட்டும். சந்தா கட்டும் முன் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்களில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச்சில் கணக்கு தொடங்க ஒரு காசும் வேண்டாம். தன்னார்வலர்கள் படியெடுத்த ஃப்ரீசென் தளமும் இலவசம், ஆனால் எல்லா மாவட்டமும் அதில் இருக்காது.

பின்னாலிருந்து முன்னால் போங்கள்

நம் உறவுக்காரர் செய்த பிழை ஊர்ப்பெயரில் மட்டும் இல்லை. அவர் கல்யாணச் சான்றிதழில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு நேராக 1861-க்குத் தாவியிருந்தார். நடுவில் ஐந்து கணக்கெடுப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்திருந்தால் 1871-இல் 'ஈஸ்ட் இண்டீஸ்', 1881-இல் 'இந்தியா, மெட்ராஸ்', 1891-இல் 'இந்தியா' என்று ஒரே பெண்ணுக்கு வரிசையாக இருப்பது தெரிந்திருக்கும். ட்ரிபோலி அங்கேயே அடிபட்டுப் போயிருக்கும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஆளிடமிருந்து தொடங்குங்கள். அத்தையின் அம்மா 1939-இல் யாரோடு இருந்தார்? தன் அம்மாவோடு. அந்த அம்மா 1921-இல் எங்கே? 1911-இல் யாருடைய மகள்? ஒரு படி இறங்கி, அந்தக் குடும்பத்தில் உள்ள எல்லோருடைய பெயரையும் வயதையும் தொழிலையும் எழுதிக்கொண்டு, அப்புறம் அடுத்த படி. கூடப்பிறந்தவர்களை விட்டுவிடாதீர்கள். நம் ஆளின் பெயர் ஊருக்கு இருபது பேருக்கு இருக்கலாம். ஆனால் அதே அண்ணன், அதே தங்கை, அதே வயது இடைவெளியோடு இன்னொரு குடும்பம் அமைவது அரிது.

பெண்கள் கல்யாணத்தில் குடும்பப்பெயர் மாறிவிடுவதால் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு பாலம் வேண்டும். பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணைதான் அந்தப் பாலம். பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. பிறப்பு அட்டவணையில் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். பதிவு செய்துகொண்டால் தேட இலவசம். அத்தையின் பாட்டி 1885-இல் பிறந்தவர், அவர் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்தது. அதை வைத்துத்தான் 1861-இல் இருந்த பதின்மூன்று வயதுப் பெண் எங்கள் பெண்தான் என்று உறுதியானது.

ஒவ்வொரு ஏட்டின் குணம்

1841 ஏட்டைத் திறந்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். பென்சிலில் எழுதியது, மங்கிப்போயிருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதவில்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 30 என்று இருந்தால் 30 முதல் 34 வரை எதுவாகவும் இருக்கலாம். பிறந்த ஊரும் இல்லை, இதே மாவட்டத்தில் (கவுண்டியில்) பிறந்தவரா இல்லையா, ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ வெளிநாட்டிலோ பிறந்தவரா என்பது மட்டும்தான்.

1851-லிருந்து உறவு, கல்யாண நிலை, சரியான வயது, பிறந்த ஊர் எல்லாம் வந்துவிடுகின்றன. 1901 வரை நாம் பார்ப்பது வீட்டார் எழுதியதை அல்ல. வீட்டுக்கு வீடு கொடுத்த தாளைக் கணக்கெடுப்பாளர் திரும்ப வாங்கி, தன் புத்தகத்தில் படியெடுத்தார். எழுதத் தெரியாத வீட்டில் வாசலில் நின்று கேட்டு அவரே எழுதிக்கொண்டார். 'ட்ரிச்சினாப்போலி' என்ற சொல்லை ஒரு லங்காஷயர்க்காரர் அப்படிக் காதால் கேட்டு எழுதியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு பதிவையும், அன்று வாசலில் நின்றவர் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெண்ணுக்கு 1881-இல் வயது 33. பத்து வருடம் கழித்து 41. அடுத்த பத்தில் 50. விதவையான பிறகு 1911-இல் சட்டென்று 63. ஞானஸ்நானப் பதிவுப்படி முதல் எண்ணும் கடைசி எண்ணும்தான் சரி. வயதில் இரண்டு மூன்று வருட வித்தியாசம் பார்த்து ஆளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'சன்-இன்-லா' என்று இருந்தால் மருமகன் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் மூத்த தாரத்துப் பிள்ளையையும், மனைவி முதல் கல்யாணத்தில் பெற்ற பிள்ளையையும் அப்படி எழுதினார்கள். கணக்கெடுப்பு நாளின் இரவில் அந்த வீட்டில் தூங்கியவர்கள் மட்டும்தான் அந்த வீட்டுக் கணக்கில் வருவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பாட்டி வீட்டுக்குப் போயிருந்த குழந்தை பாட்டி வீட்டில் பேரப்பிள்ளையாகவோ 'விசிட்டர்' ஆகவோ இருக்கும்.

1921 ஏட்டில் வேலை கொடுத்த முதலாளியின் பெயரும் வேலை இடமும் இருக்கின்றன. அத்தையின் பாட்டி எந்த ஆலையில் தறி ஓட்டினார் என்பது அதில்தான் தெரிந்தது. அந்த ஆலை நின்ற தெருவில் இப்போது நான் வாரம் ஒரு முறை காய்கறி வாங்குகிறேன்.

அட்டவணையில் ஆள் அகப்படாவிட்டால்

முதலில், கட்டங்களை நிரப்புவதைக் குறையுங்கள். முழுப்பெயர், பிறந்த வருடம், ஊர், மாவட்டம் என்று எல்லாம் கொடுத்தால் ஒரு எழுத்துப் பிசகினாலும் ஆள் வரமாட்டார். குடும்பப்பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், வயது, ஊர் மட்டும் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டில் அபூர்வமான பெயருள்ள பிள்ளை யாராவது இருக்கிறாரா என்று பார்த்து அவரைத் தேடுங்கள். லங்காஷயரில் ஹாவர்த் என்ற குடும்பப்பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. அதை ஹோவர்த், ஹேவர்த் என்று எழுதுவார்கள், பேச்சில் ஹகரம் விழுந்துவிட்டால் ஆவர்த் என்றும் எழுதிவிடுவார்கள். தெரியாத எழுத்துகளின் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் இவற்றில் பலவும் ஒரே வலையில் விழும்.

ஆள் கிடைத்ததும் படத்தைத் திறந்து பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. அட்டவணை ஒருவர் வாசித்த வாசிப்பு மட்டுமே. ஏட்டுச்சுவடி படிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஓலையில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், சொல்லின் போக்கை வைத்துத்தான் எழுத்தை முடிவு செய்ய வேண்டும். இங்கேயும் அதே வேலை. புரியாத எழுத்து வந்தால் அதே பக்கத்தில் அதே கை எழுதிய தெரிந்த சொல்லில் அந்த எழுத்தைத் தேடுங்கள். 'ட்ரிச்சினாப்போலி'யின் நடு எழுத்துகளை நான் அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நாலு வரி மேலே ஒருவர் சிசெஸ்டரில் பிறந்திருந்தார். அவருடைய ஊர்ப்பெயரில் இருந்த 'ச்'சும் நம்முடையதும் ஒரே சுழிப்பு.

பழைய எழுத்தில் இரட்டை எஸ் வந்தால் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். வயதின் மேல் தடித்த கோடு இருந்தால் அது லண்டனில் எண்ணிக்கை கூட்டிய குமாஸ்தா போட்ட அடையாளம், அதன் அடியில் 3-ம் 8-ம் ஒன்றுபோல இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் இரட்டைச் சாய்கோடு ஒரு வீட்டின் எல்லை. ஒற்றைச் சாய்கோடு என்றால் அதே வீட்டுக்குள் வேறு குடித்தனம். குடும்பம் பக்கத்தின் அடியில் முடிந்தால் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள், மீதிப் பிள்ளைகள் அங்கே இருக்கலாம். நான் முன்னும் பின்னும் மூன்று பக்கம் புரட்டாமல் மூடுவதில்லை. 1871-இல் எங்கள் பெண் புதுக் குடித்தனம் நடத்திய வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவருடைய அப்பா அம்மா இருந்தது அப்படித்தான் கண்ணில் பட்டது.

பக்கத்தைப் பார்த்ததும் அதன் எண்ணை, அதாவது தேசிய ஆவணக் காப்பகம் அதற்குக் கொடுத்த குறியீட்டை, குறித்துக்கொள்ளுங்கள். 1861 என்றால் ஆர்.ஜி. 9, 1871 ஆர்.ஜி. 10, இப்படியே 1921-க்கு ஆர்.ஜி. 15 வரை போகும். 1841-ம் 1851-ம் எச்.ஓ. 107. கூடவே கட்டு எண், தாள் எண், பக்க எண். தளம் மாறினாலும் இந்த எண் மாறாது.

பிறந்த ஊர்கள் காட்டும் வழி

1861-இல் அந்தக் குடும்பம் பிரெஸ்டனில் இருந்தது. அப்பாவின் தொழில் 'செல்சி பென்ஷனர்', அதாவது படையிலிருந்து ஓய்வூதியம் பெற்றவர். பெரிய மகள் பதின்மூன்று வயது, பஞ்சாலையில் வேலை, பிறந்தது திருச்சிராப்பள்ளி. அடுத்தவனுக்குப் பத்து, மலபாரின் கண்ணனூர் (கண்ணூர்). அதற்கடுத்தவளுக்கு ஏழு, அயர்லாந்தின் ஃபெர்மாய். கடைக்குட்டிக்கு நாலு, பிரெஸ்டன். நான்கு ஊரிலும் படை முகாம் உண்டு, பிரெஸ்டனின் ஃபுல்வுட் முகாம் இன்னும் நிற்கிறது. பிள்ளைகளின் பிறந்த ஊர்களைக் கோர்த்தாலே அந்தச் சிப்பாயின் படை நடந்த பாதை வந்துவிடுகிறது. 1851 கணக்கெடுப்பில் அவர்கள் ஏன் இல்லை என்பதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இருந்த தரைப்படையினரைப் பெயரோடு எழுதத் தொடங்கியது 1911-இல்தான்.

உங்கள் தேடலில் இப்படி மெட்ராஸ், ஆற்காடு, வேலூர், பரங்கிமலை என்று ஏதாவது வந்தால் அடுத்து பார்க்க வேண்டியது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகள். மெட்ராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் அங்கே என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட்டில் அவற்றின் படங்கள் கிடைக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் இலவச அட்டவணையிலும் தேடலாம். ஓய்வூதியம் பெற்ற சிப்பாயின் சேவைத் தாள்கள் லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 வரிசையில். எங்கள் பெண்ணின் ஞானஸ்நானப் பதிவு என்/2-இல் கிடைத்தது, 1847, திருச்சிராப்பள்ளி. கல்கத்தா பிஷப் ஹீபரை 1826-இல் அடக்கம் செய்த புனித யோவான் ஆலயத்தின் மதிலை ஒட்டித்தான் என் பள்ளிப் பேருந்து தினமும் போகும்.

நம் ஊர்க் கணக்கெடுப்பில் நம் பாட்டன் பூட்டனைத் தேடலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். முடியாது. நாடு முழுக்க ஒரே சமயத்தில் எடுத்த முதல் கணக்கெடுப்பு 1881-இல் நடந்தது. ஆனால் நமக்கு அச்சில் கிடைப்பது கூட்டுத்தொகைகள்தான், வீட்டுவாரிப் பெயர்ப் பட்டியல் கிடையாது. 1948-ஆம் வருடச் சட்டமும் தனிநபர் தாள்களைப் பார்க்க விடாது. நிலம் இருந்த குடும்பம் என்றால் கிரயப் பத்திரம், செட்டில்மெண்ட் பதிவேடு. கடல் கடந்து கூலிக்குப் போனவர்கள் என்றால் வழி இன்னும் தெளிவு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல், நேட்டாலுக்குப் போனவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், தாலுகா, உடல் அடையாளம் வரை எழுதிய பட்டியல்கள் இருக்கின்றன. மொரீஷியஸுக்குப் போனவர்களின் ஏடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உண்டு.

1911-இன் சிவப்பு மைக் கோடு

1911-ஐக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வருடத்திலிருந்துதான், இல்லத்தார் தங்கள் கையால் எழுதிய தாளே பாதுகாக்கப்பட்டது. கல்யாணமான பெண்களிடம் அந்த முறை ஒரு கேள்வியும் கேட்டார்கள்: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. விதவைகள் இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் பலர் எழுதினார்கள். அலுவலகத்தில் குமாஸ்தா அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அடித்தாலும் அடியில் உள்ளது வாசிக்க முடியும்.

எங்கள் திருச்சிப் பெண்ணும் விதவைதான். உருண்டு திரண்ட எழுத்தில், அழுத்தி எழுதியிருக்கிறார்: பிறந்தது 9, இருப்பது 5, இறந்தது 4. மேலே சிவப்புக் கோடு. அத்தை அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பேரின் பெயர்தான் அவருக்குத் தெரியும்.

அந்த நால்வரைத் தேடும் முறை இது. பொதுப் பதிவாளர் அட்டவணையில் தந்தையின் குடும்பப்பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துக் கொடுத்து, பிரெஸ்டன் பதிவு மாவட்டத்தில், கல்யாணமான வருடத்திலிருந்து தேட வேண்டும். ஒரு தேடலுக்கு முன்னும் பின்னும் இரண்டு வருடம்தான் எடுக்கும். ஆண், பெண் தனித்தனியாகத் தேட வேண்டும். கிடைக்கும் பிறப்புகளில் எந்தக் கணக்கெடுப்பிலும் வராத பெயர்களைப் பிரித்தெடுத்து, இறப்பு அட்டவணையில் அதே பெயரைப் பாருங்கள். வயது போட்டிருக்கும், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 0. ஒரு பையன், 0. ஒரு பெண், 1. இன்னொரு பெண், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து நாலு வயதில் போனவள், அதனால் எந்த ஏட்டிலும் அவள் பெயர் இல்லை. மூன்று பெயரையும் அத்தை தன் பைபிளின் முன்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

நாலாவது குழந்தை இன்னும் கிடைக்கவில்லை. தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கொடுக்காமல், தந்தை பெயரின் எழுத்தை மாற்றி மாற்றி, 1870-லிருந்து ஒவ்வொரு காலாண்டாகப் பார்த்து வருகிறேன். இந்த வாரம் 1878-இல் இருக்கிறேன்.